சட்டி, கட்ட மோளம், எலெக்ட்ரிக் கிடார்: வட சென்னையின் சத்தத்தை டென்மா எப்படி மேடை ஏற்றினார்?

யானைக்கவுனி பாலத்தின் மேல் ஐந்து நிமிஷம் நின்றால் போதும், இரண்டு சென்னை தெரியும். ஒரு பக்கம் வால்டாக்ஸ் சாலை, அதன் பின்னால் சவுகார்பேட்டையின் மொத்த வியாபாரம். இன்னொரு பக்கம் சூளை, புளியந்தோப்பு, அதைத் தாண்டி வியாசர்பாடி, பெரம்பூர். நடுவில் சென்ட்ரலுக்குள் நுழையும் தண்டவாளங்கள். பழைய பாலத்தை இடித்துவிட்டுப் புதுசு கட்டிய ஆண்டுகளில் இந்தப் பக்கத்து ஆட்கள் அந்தப் பக்கம் போக ஊரையே சுற்றினார்கள்.

கவுனி என்றால் கோட்டை வாசல். 18-ம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி 'கருப்பர் நகரம்' என்று பெயர் வைத்த பகுதியைச் சுற்றி மதில் எழுப்பியது. அந்த மதிலின் வாசல்களில் ஒன்றுதான் இது. மதிலுக்கு ஆன செலவை மக்களிடமே வரியாக வாங்கப் பார்த்ததால் 'வால் டாக்ஸ்' என்று சாலைக்குப் பெயர் வந்தது. மதில் போய்விட்டது, பெயர் மட்டும் பஸ் போர்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதே வால்டாக்ஸ் சாலையில்தான் ஒரு காலத்தில் ஒற்றைவாடை நாடகக் கொட்டகை இருந்தது. நாடகக் கம்பெனிகள் வந்து முகாம் போட்ட இடம். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாடத் தெரிந்தவர்தான் அந்த மேடைகளில் நட்சத்திரம். பேசும்படம் வந்தது, ஸ்டுடியோக்கள் கோடம்பாக்கம், வடபழனி பக்கம் போயின, பாட்டைப் பதிவுசெய்யும் தொழிலும் கூடவே போய்விட்டது. வடக்கே மிஞ்சியது தெரு மேடையும் சாவு வீடும்.

அங்கே வளர்ந்ததுதான் கானா. அந்தச் சத்தம் எலெக்ட்ரிக் கிடாரும் டிரம் கிட்டும் வைத்த ஒரு ராக் மேடைக்கு, தன் சொந்தக் குரலோடு, பின்னணி வாத்தியமாக இல்லாமல் முன்வரிசைக்கு வந்த நாள் என்று ஒன்றைச் சொல்லலாம்: 2018 ஜனவரி 6. இடம் கீழ்ப்பாக்கம். இசைக்குழுவின் பெயர் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. அதைக் கட்டி எழுப்பிய இசைக்கலைஞர், ரெக்கார்டு புரொடியூசர் டென்மா.

புரொடியூசர்னா காசு போடுறவர்தானே?

சினிமாவில் அப்படித்தான். இசையில் கதை வேற. ரெக்கார்டு புரொடியூசர் என்பவர், ஒரு பாட்டு கடைசியில் காதில் எப்படி விழ வேண்டும் என்று முடிவெடுப்பவர். எந்த வாத்தியம் முன்னால், எது பின்னால்? குரல் வறண்டு நெருக்கமாக ஒலிக்கணுமா, பெரிய கூடத்தில் பாடுவது மாதிரியா? பிசிறு தட்டிய டேக்கை விட்டுவைப்பதா, திருத்துவதா? இப்படி நூறு முடிவுகள். ஒவ்வொன்றும் சின்னதுதான். எல்லாம் சேர்ந்தால் அதுதான் பாட்டு.

இங்கிலாந்தில் பீட்டில்ஸுக்கு ஜார்ஜ் மார்ட்டின் செய்தது இந்த வேலையைத்தான். ஜமைக்காவில் லீ பெர்ரி 1973-ல் கிங்ஸ்டனில் தன் வீட்டுக் கொல்லையில் 'பிளாக் ஆர்க்' என்று ஒரு ஸ்டுடியோ கட்டினார். பெரிய லேபிள்களிடம் இருந்த கருவிகளோடு ஒப்பிட்டால் அங்கே இருந்தது கொஞ்சம்தான். ஆனால் பாஸையும் டிரம்ஸையும் முன்னுக்குத் தள்ளி, மற்றதையெல்லாம் எதிரொலியில் மிதக்கவிட்ட அவரது மிக்ஸிங் முறை, பிறகு உலகம் முழுக்க எலெக்ட்ரானிக் இசைக்கு அரிச்சுவடி ஆனது.

சென்னைக்கும் இது புதுசு இல்லை. ஏ.ஆர்.ரஹ்மான் சினிமாவுக்கு வருவதற்கு முன் 'நெமசிஸ் அவென்யூ' என்ற ராக் குழுவில் இருந்தவர். 1989-ல் வீட்டுக்குப் பின்னால் 'பஞ்சதன் ரெக்கார்டு இன்' ஸ்டுடியோவைத் தொடங்கினார். தமிழ்ப் பாட்டு கேட்கும் விதமே மாறியதற்கு மெட்டு எவ்வளவு காரணமோ, அந்த ஸ்டுடியோவில் எடுத்த சத்த முடிவுகளும் அவ்வளவு காரணம். ஆனால் ரஹ்மானுக்கு முன்னும் பின்னும் ஒரு விஷயம் மாறவில்லை. தமிழ்நாட்டில் பாட்டு என்றால் சினிமாப் பாட்டு. ராக் என்றால் காலேஜ் கல்ச்சுரல்ஸில் இங்கிலீஷில் பாடுவது. கானா என்றால் படத்தில் ஹீரோவும் நண்பர்களும் குடித்துவிட்டு ஆடும் ஒரு ஐட்டம். மூன்றும் ஒரே ஊரில் இருந்தன. ஆனால் ஒன்றின் வீட்டுக்கு இன்னொன்று போனதில்லை.

குரங்கனில் இருந்து கலெக்டிவ் வரை

டென்மா வந்தது சினிமாவுக்கு வெளியே இயங்கிய இண்டி இசை வட்டத்தில் இருந்து. பாடலாசிரியரும் பாடகருமான கபேர் வாசுகியோடு சேர்ந்து 'குரங்கன்' என்ற பெயரில் தமிழில் சொந்தப் பாடல்கள் செய்தார். இந்தக் கபேர் வாசுகிதான் எண்ணூர் கழிமுகத்துக்காக 2017-ல் வந்த 'சென்னை புறம்போக்கு பாடல்' எழுதியவர். டி.எம்.கிருஷ்ணா அதைக் கர்நாடக இசையில், சாம்பல் கொட்டிய எண்ணூர் ஆற்றோரத்தில் நின்று பாடினார். மெட்ராஸ் பாஷை கச்சேரி ராகத்தில் வந்ததே அப்போது பெரிய பேச்சாக இருந்தது.

டென்மா 'மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ்' என்று ஒரு சுயாதீன லேபிளும் வைத்திருந்தார். சுயாதீன லேபிள் என்றால் பெரிய ஆபீஸ், ஏசி ஸ்டுடியோ என்று கற்பனை செய்ய வேண்டாம். ஒரு லேப்டாப், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், இரண்டு நல்ல மைக், ராத்திரி பூராவும் உட்கார்ந்து மிக்ஸ் பண்ணும் பொறுமை. இந்தத் தலைமுறை இண்டி லேபிள் பெரும்பாலும் இதில்தான் ஓடுகிறது.

2017-ல் இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் கைகோத்தன. ரஞ்சித்தின் 'அட்டகத்தி'யில் (2012) சந்தோஷ் நாராயணன் இசையில் வியாசர்பாடிக்காரரான கானா பாலாவின் குரல் ஏற்கெனவே ஊரெல்லாம் கேட்டிருந்தது. 'மெட்ராஸ்' (2014) வட சென்னையின் ஒரு சுவரையே கதைநாயகனாக்கியது. ஆனால் படத்துக்குப் பாட்டு என்பது வேறு, பாட்டுக்காகவே ஒரு மேடை என்பது வேறு. ஆடிஷன் வைத்தார்கள். கானா பாடகர்கள், ராப் பாடுபவர்கள், தாளக் கலைஞர்கள், ராக் வாத்தியக்காரர்கள் என்று 19 பேர் கொண்ட குழு உருவானது.

குழுவின் பெயருக்கு வேர் அயோத்திதாசப் பண்டிதரின் எழுத்தில் இருக்கிறது. 1907-ல் சென்னை ராயப்பேட்டையில் இருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கியவர் அவர். 'சாதிபேதமற்ற' என்ற சொல்லை ஓர் அடையாளமாகவே முன்வைத்தவர். அதன் ஆங்கில வடிவம்தான் காஸ்ட்லெஸ். நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு பத்திரிகைச் சொல், ராக் பேண்டின் பெயராக டிரம்மில் ஒட்டப்பட்டது.

யார் யார் மேடையில் நின்றார்கள்?

பெயர்களைச் சொல்லத்தான் வேண்டும். கானா பாடகர் என்றால் பெரும்பாலும் 'கோரஸ்' என்று டைட்டிலில் ஓடிப்போகிற ஊர் இது.

முத்து, பாலச்சந்தர், தரணி, செல்லமுத்து கானா பாடினார்கள். ராயபுரத்தில் இருந்து வந்த இசைவாணி, குழுவின் பெண் பாடகர். அரக்கோணத்துக்காரரான அறிவு எழுதினார், ராப் பாடினார். சரத் சட்டி வாசித்தார், கௌதம் கட்ட மோளம், நந்தன் பறையும் தவிலும். டிரம்ஸில் மனு கிருஷ்ணன், கிடாரில் சாஹிப் சிங். நடுவில் நின்று எல்லாரையும் கண்ணாலேயே கோத்துக்கொண்டிருந்தவர் டென்மா.

எல்லாரும் ஒரே மாதிரி கோட் சூட் போட்டிருந்தார்கள். பார்த்தவர்களுக்கு அம்பேத்கரின் நீலக் கோட் ஞாபகம் வந்தது, வர வேண்டும் என்பதுதான் எண்ணமும். கானா பாடகருக்குச் சினிமா கொடுத்த சீருடை கைலியும் கலர் பனியனும். அதை முதலில் கழற்றிவிட்டுத்தான் பாடவே ஆரம்பித்தார்கள்.

இதற்குச் சில வாரங்கள் முன்னால், 2017-ன் பிற்பகுதியில், யுனெஸ்கோ தன் படைப்பு நகரங்கள் பட்டியலில் சென்னையை 'இசை நகர'மாகச் சேர்த்திருந்தது. வாழ்த்துச் செய்திகளில் எல்லாம் மார்கழி, சபா, கச்சேரி என்றே இருந்தது. கானா கண்ணில் படவில்லை. மார்கழி இன்னும் முடியாத ஒரு ஜனவரி சாயங்காலத்தில், சபாக்களுக்கு வெளியே ஒரு திறந்த மைதானத்தில், இலவசமாக, ஆயிரக்கணக்கானோர் முன் நடந்த இந்த நிகழ்ச்சி அந்தப் பட்டியலுக்கு யாரும் எழுதாத ஒரு பின்குறிப்பு மாதிரி இருந்தது.

பாட்டெல்லாம் என்ன பேசின? இடஒதுக்கீட்டைக் கேலி செய்பவர்களுக்குப் பதில். மாட்டுக்கறி. மலக்குழியில் இறங்கிச் சாகிறவர்கள். 'வட சென்னையா? ரவுடி ஏரியாவாச்சே' என்று வாடகை வீட்டுக்காரர் முதல் சினிமாக்காரர் வரை சொல்வதற்கு எதிர்க்கேள்வி. கோபம் இருந்தது, அதைவிட அதிகமாகக் கிண்டல் இருந்தது. கானாவின் பலமே அதுதானே.

ஆறும் நாலும்: சத்தம் எப்படிச் சேர்ந்தது?

டென்மாவின் உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஃப்யூஷன் என்ற பெயரில் பெரும்பாலும் நடப்பது என்ன? கீபோர்டும் டிரம்ஸும் அடித்தளம். அதன் மேல் நாட்டுப்புற வாத்தியம் ஒன்றை ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்வது. இருபது விநாடி பறை, கைதட்டல், மறுபடி கீபோர்டு. பறை வாசித்தவருக்கு அன்றைக்குச் சம்பளம் கிடைக்கும். பாட்டில் அவருக்கு இடம் கிடைக்காது.

காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பாடல்களைக் கேட்டால் கணக்கு தலைகீழ். ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டு போவது சட்டியும் கட்ட மோளமும். சாவு ஊர்வலத்தில் முன்னால் போகிற ஜோடி இது. சட்டி, மெல்லிய குச்சிகளால் அடிப்பது, கூர்மையாகக் காதைத் துளைக்கும். கட்ட மோளம் நெஞ்சுக்குள் இறங்கும். அந்த ஊர்வலத்தைத் தெருமுனையில் கேட்டவர்களுக்குத் தெரியும், முதலில் வந்து சேர்வது கட்டையின் அதிர்வு, பிறகுதான் சட்டி, கடைசியில் பூ. இந்த இரண்டும் அடித்தளத்தைப் பிடித்துக்கொள்ள, டிரம் கிட்டும் கிடாரும் அதற்குத் தோதாக வந்து உட்காருகின்றன.

உட்கார முடிவதற்கு இசைக் காரணமும் இருக்கிறது. குத்துத் தாளம் திஸ்ர நடை, மும்மூன்றாக ஓடும். ராக் பெரும்பாலும் நான்கு நான்காக நடக்கும். சேராதே என்று தோன்றும். ஆனால் ராக்கின் அப்பா ப்ளூஸ். ப்ளூஸின் 'ஷஃபிள்' நடையில் ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரியும், நடுவில் உள்ளதை விழுங்கிவிடுவார்கள், அதனால்தான் நொண்டுவது மாதிரி ஓர் ஆட்டம் வரும். ஆக டிரம்மர் நான்கு அடி அடிக்கிறார், ஒவ்வொரு அடிக்குள்ளும் சட்டி மூன்றை நிரப்புகிறது. அவரும் தப்பவில்லை, இவரும் தப்பவில்லை. ராக் தன் தாத்தா வீட்டுக்குப் போன மாதிரி.

தாத்தா வீடு என்பது சும்மா பேச்சுக்கு இல்லை. ப்ளூஸ் அமெரிக்காவின் தெற்கில், பருத்திக் காட்டில் வேலை பார்த்த கறுப்பின மக்களிடம் பிறந்தது. கானா செழித்தது துறைமுகக் கூலிகள், ரயில்வே பட்டறைத் தொழிலாளர்கள், பெரம்பூர் பக்கிங்காம் அண்டு கர்நாட்டிக் மில் தொழிலாளர்கள் வாழ்ந்த குடியிருப்புகளில். அங்கே பருத்தி பறித்தவர்கள், இங்கே பருத்தி நூற்றவர்கள். 1918-ல் இந்த மில் தொழிலாளர்களிடம் இருந்துதான் மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்தது, நாட்டின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று. ஷிப்ட் முடிந்து, செத்துப்போன சக தொழிலாளிக்காக ராத்திரி முழுக்க உட்கார்ந்து பாடுவது மரண கானா. வாத்தியம் இல்லாவிட்டால் டேபிள் போதும், தீப்பெட்டி போதும்.

மிக்ஸிங்கில் இன்னொரு சிக்கல். கானாக் குரல் திறந்தவெளிக் குரல். மைக்கை நம்பாமல், தெருச் சத்தத்துக்கு மேலே எழும்பிப் பழகிய உச்சஸ்தாயி. டிஸ்டார்ஷன் போட்ட எலெக்ட்ரிக் கிடாரின் பலமும் கிட்டத்தட்ட அதே அதிர்வெண் பகுதியில்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் முழு வால்யூமில் விட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். சட்டியின் கூர்மையும் டிரம் கிட்டின் சிம்பலும் அதே மாதிரிச் சண்டைக்காரர்கள். யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். எந்தப் புரொடியூசருக்கும் இது தொழில்நுட்ப முடிவு. இந்த ஊரில் அது அரசியல் முடிவும்கூட. கலெக்டிவ் பாட்டுகளில் குரல் வரும் இடத்தில் கிடார் ஒதுங்கி நிற்கிறது. தனக்கென்று இடம் வரும்போது வந்து கத்திவிட்டுப் போகிறது.

உலகத்தில் வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழு ஜமைக்காவில் பதிவுசெய்த பாடல்களை, ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் முதலாளி கிறிஸ் பிளாக்வெல் லண்டனில் வைத்து, ராக் கேட்பவர்களுக்குப் பிடிக்கும்படி மாற்றினார். வெய்ன் பெர்கின்ஸ் என்ற அமெரிக்க கிடாரிஸ்டை வாசிக்கவைத்து மேலே சேர்த்தார். 1973-ல் வந்த 'கேட்ச் எ ஃபயர்' ஆல்பம் அப்படித்தான் உலகத்துக்குப் போனது. அது தப்பு என்று சொல்லிவிட முடியாது, அதனால்தான் ரெகே நம் வீடு வரைக்கும் வந்தது. ஆனால் கேட்பவருக்காகப் பாட்டை நகர்த்துவது ஒரு வழி, பாட்டுக்காகக் கேட்பவரை நகர்த்துவது இன்னொரு வழி. டென்மா எடுத்தது இரண்டாவது. இரண்டாவதில் சீக்கிரம் காசு வராது என்பது வேறு விஷயம்.

சினிமா விடுமா?

விடாது. தமிழ்நாட்டில் இசையில் எந்தச் சாலையில் போனாலும் கடைசியில் சினிமா டோல்கேட் வரும்.

டென்மா இசையமைத்த முதல் படம், அதியன் ஆதிரை இயக்கி, ரஞ்சித் தயாரித்த 'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு'. 2019 டிசம்பரில் வந்தது. பழைய இரும்புக் கடை, லாரி ஓட்டுநர், கரை ஒதுங்கிய ஒரு குண்டு என்று நகரும் கதை. இரும்பும் வியர்வையும் நாற்றமடிக்கும் அந்த உலகத்துக்கு வழவழப்பான இசை சரிப்படாது, டென்மாவும் போடவில்லை. அடுத்து 2022 ஆகஸ்ட் கடைசியில் வந்த ரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது'. காதல், சாதி, ஆணவக்கொலை பற்றி நாடகம் போடும் ஒரு குழுவின் கதை என்பதால் இசைக்கு அங்கே பாட்டைத் தாண்டிய வேலை. ராக், ஜாஸ், கூத்து எல்லாம் ஒரே ஒத்திகைக் கூடத்தில் மோதிக்கொள்ளும். ஒற்றைவாடைக் காலத்து ஆள் யாராவது இருந்து பார்த்திருந்தால், நாடகத்துக்குள் பாட்டு எப்படி வேலை செய்கிறது என்ற விஷயத்தில் மட்டும் அவருக்குப் பழக்கமான இடமாக இருந்திருக்கும்.

இதற்கு நடுவில் நடந்த இன்னொன்றும் முக்கியம். 2020 டிசம்பரில் நீலம் 'மார்கழியில் மக்களிசை'யைத் தொடங்கியது. மார்கழி மாதம், சென்னை, மேடை, எல்லாம் சபாவுக்கு உரியதே. பாடுபவர்கள் மட்டும் கானா, ஒப்பாரி, பறை, நாட்டுப்புறக் கலைஞர்கள். ஒரு மாதத்தின் பெயரைக் கடன் வாங்கி, அதற்குள் வேறு ஒரு கூட்டத்தை உட்காரவைத்தார்கள். அதுவும் ஒரு வகையில் மிக்ஸிங்தான்.

கலெக்டிவ் கலைந்ததா, பரவியதா?

19 பேர் கொண்ட பேண்ட் எந்த ஊரிலும் நீண்ட நாள் ஒரே வேனில் போகாது. எல்லாருக்கும் வாடகை இருக்கிறது, வீட்டில் கேள்வி இருக்கிறது.

அறிவு 2019-ல் புரொடியூசர் ஆஃப்ரோவுடன் 'தெருக்குரல்' ஆல்பம் போட்டார். 2021 மார்ச்சில் தீயுடன் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' உலகம் முழுக்கப் போனது. தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போன தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையில் இருந்து அவர் எழுதியது. அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டைப்படத்தில் அந்தப் பாட்டைப் பாடிய தீ இருந்தார், எழுதிப் பாடிய அறிவு இல்லை. ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார், இணையம் கொதித்தது, பிறகு அறிவுக்குத் தனி டிஜிட்டல் அட்டை வந்தது. சத்தம் உலகம் சுற்றினாலும் முகம் வீட்டிலேயே நின்றுவிடும் என்பதற்கு அந்த வாரம் ஒரு பாடம்.

இசைவாணியை பிபிசி 2020-ன் '100 பெண்கள்' பட்டியலில் சேர்த்தது. ஆண்கள் மட்டுமே பாடிய கானாவில் ஒரு பெண் முன்னால் நின்றதற்காக. கானாவுக்குள்ளேயும் பிரச்சினை இல்லாமல் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். யூடியூபில் ஓடும் கானாவில் கணிசமானது பெண்களை ஏசுவது, கத்தி எடுத்தவரைப் புகழ்வது. ஒடுக்கப்பட்டவர் பாட்டு என்பதாலேயே அது எல்லாம் சரி ஆகிவிடாது. இசைவாணி பாடியது அதற்கும் சேர்த்த பதில்.

அந்தப் பதிலுக்கு விலையும் இருந்தது. சபரிமலைக்குள் பெண்கள் நுழையும் உரிமை பற்றி நாடே பேசிய 2018-ல் குழுவோடு அவர் பாடிய ஒரு பாட்டு, ஆறு வருஷம் கழித்து 2024 நவம்பரில் சமூக ஊடகத்தில் திடீரென மேலே வந்தது. மத உணர்வைப் புண்படுத்துகிறது என்று புகார்கள் கொடுத்தார்கள். அவருக்கு மிரட்டல்கள் வந்தன. நீலம் அவர் பக்கம் நின்று அறிக்கை விட்டது. பாட்டை எழுதியவர்கள், இசையமைத்தவர், மேடை போட்டவர்கள் என்று பத்துப் பேர் இருக்க, எல்லாக் கல்லும் பாடிய ஒரு பெண்ணை நோக்கியே வந்தது கவனிக்க வேண்டிய விஷயம்.

தாளக்காரர்களின் நிலைமை இன்னும் அமைதியானது, அதனாலேயே யாரும் பேசுவதில்லை. பாடகருக்குப் பெயர் வரும், ராப்பருக்கு ரசிகர்கள் வருவார்கள். சட்டி வாசிப்பவருக்கு அடுத்த நாள் காலையில் வழக்கம்போல ஒரு சாவுக்கு ஃபோன் வரும். மேடையில் கோட் சூட் போட்ட அதே கை, தெருவில் இறங்கினால் பழைய ரேட்டுக்குத்தான் பேசப்படுகிறது. ஒரு புரொடியூசரால் மிக்ஸில் சட்டியை முன்னால் கொண்டுவர முடியும். ராயல்டி தாளிலும் அதை முன்னால் கொண்டுவருவது லேபிள், ஒப்பந்தம், பதிப்புரிமை என்று போகிற வேறு வேலை, அது தமிழ் இண்டி இசையில் இன்னும் தொடக்க நிலையில்தான் இருக்கிறது. பாட்டு எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர் என்று சட்டம் பெயர் சொல்லிப் பிரிக்கிறது. ஒரு பாட்டின் அடையாளமே அதன் தாளமாக இருக்கும்போது, அந்தத் தாளத்தைக் கண்டுபிடித்த வாசிப்பாளருக்கு அதில் தனி வரி கிடையாது.

சரி, எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது?

யூடியூபில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்று தேடினால் 2018 காலத்துப் பாட்டுகள் கிடைக்கும். முதலில் 'ஜெய் பீம் ஆந்தம்', பிறகு 'கோட்டா' என்று போகலாம். அதற்கப்புறம் 'நட்சத்திரம் நகர்கிறது' ஆல்பத்தை முழுசாக, வரிசை மாற்றாமல் கேட்டால், மைதானத்தில் கத்திய அதே ஆள் ஒரு அறைக்குள் எப்படி மெதுவாகப் பேசுகிறார் என்பது பிடிபடும்.

ஒரு சின்ன வேண்டுகோள்: ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலி வராது. சட்டி கேட்கும், கிடார் கேட்கும், கட்ட மோளம் மட்டும் காணாமல் போய்விடும். ஹெட்போன் இல்லாவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூலக்கொத்தளம் சுடுகாட்டுப் பக்கம் போனால் போதும், அங்கே அது நேரடியாகவே கேட்கும்.